‘ஸ்பேட்’: வாக்கியத்தில் அமைத்து எழுதுக

வெட்கத்தை விட்டு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐம்பத்துமூன்று வயதில், பெயருக்கு முன்னால் முனைவர் என்று போட்டுக்கொண்டு திரிகிற நான், கடைத்தெருவில் வாங்கிய ஒரு கம்மலிலிருந்து முத்தை ஊசியால் நெம்பி எடுத்தேன். அது ஆணியில் உட்கார்ந்திருந்த ஓட்டையை, பிறந்தநாள் கேக்கில் மிஞ்சிய மெழுகுவர்த்தியை உருக்கி அடைத்தேன். பஞ்சில் பொதிந்து, கடல் தாண்டிக் கொண்டுபோய், “நான் வளர்த்த சிப்பியில் விளைந்தது” என்று பெற்ற தகப்பனாரின் உள்ளங்கையில் வைத்தேன். எண்பத்திரண்டு வயதுக்காரர் அதை இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டார். எனக்கு வயிற்றைப் புரட்டியது. மனசாட்சி என்று எழுத ஆசை. விமானத்தில் கொடுத்த பருப்புக் குழம்பாகவும் இருக்கலாம்.

மெழுகை உருக்கிக்கொண்டிருந்தபோது என் மனைவி அடுப்படி வாசலில் நின்று பார்த்துவிட்டு, “ஓட்டையை அடைக்கறேள், சரி. ஊர் வாயை எதால அடைக்கப் போறேள்?” என்று கேட்டாள். நல்ல கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை.

இந்த அசிங்கம் அத்தனைக்கும் மூலம் ஓர் ஆங்கிலச் சொல். நான் பிழைப்பது அயர்லாந்தின் மேற்குக் கரையில், மழை நின்றால் காற்றும் காற்று நின்றால் மழையும் வருகிற ஒரு குடாவின் ஓரம். சிப்பிப் பண்ணையொன்றில் குஞ்சு பொரிக்கும் கூடம் என் பொறுப்பு. காலையில் ரப்பர் பூட்ஸை உதறிக்கொண்டு உள்ளே நுழைந்ததும் மேலாளர் மோரா, முகமன் எதுவும் இல்லாமல், “ஹௌ இஸ் த ஸ்பேட்?” என்று கேட்பார். நம் பக்கத்தில் பிள்ளை பெற்ற வீட்டுக்குள் நுழைகிறவர்கள் “குழந்தை பால் குடிச்சுதா?” என்று கேட்பார்களே, அதே குரல். இந்தப் பதினொரு வருடத்தில் என் சொந்த மகளைப் பற்றி அவர் இப்படி ஒரு நாளும் விசாரித்ததில்லை. மகள் எப்படியோ தானாகவே வளர்ந்துவிட்டாள்.

பூனையைக் குறிக்கும் ‘கேட்’டோடு ஓசை ஒத்த ஸ்பேட். சிப்பிக் குஞ்சு என்று பொருள். ஆனால் பிறந்தவுடன் அந்தப் பெயர் கிடைத்துவிடாது. முட்டையிலிருந்து வருவது வெறும் லார்வா. தூசியிலும் தூசியாக இரண்டு மூன்று வாரம் தண்ணீரில் நீந்தித் திரியும். அப்புறம் அதற்குக் கரும்புள்ளி மாதிரி ஒரு கண்ணும், நாக்கு மாதிரி ஒரு காலும் உண்டாகும். அந்தக் காலால் அங்கே தொட்டு, இங்கே தடவி, இது வேண்டாம், அது ஆகாது என்று பெண் பார்க்கப் போன மாப்பிள்ளை வீட்டார் மாதிரி தட்டிக்கழித்து, கடைசியில் ஓரிடத்தில் ஒரு சொட்டுப் பசையைக் கக்கி உட்காரும். உட்கார்ந்த நொடியிலிருந்துதான் அது ஸ்பேட். காலும் கண்ணும் கரைந்துபோகும். ஆயுசுக்கும் நகராது. ஆக, இந்தச் சொல் பிறப்பைச் சொல்லவில்லை, குடியேறியதைச் சொல்கிறது. ரவையளவில் இருந்தால் ஸ்பேட், கடுகளவில் ஸ்பேட், துவரம்பருப்பு அளவிலும் ஸ்பேட். ஒன்றானாலும் ஸ்பேட்தான், ஒரு தொட்டி நிறைய இருந்தாலும் ஸ்பேட்தான். ஒரு வருடம் கடலில் ஏராளமான குஞ்சுகள் பாறைகளில் வந்து உட்கார்ந்தால், மழை பெய்ததைச் சொல்வதுபோல நல்ல ‘ஸ்பேட்ஃபால்’ என்பார்கள்.

காதால் கேட்டால் அழகாகத்தான் இருக்கிறது. மூக்கு ஒத்துக்கொள்ளாது. இந்தச் செல்லங்களுக்குத் தீனி போடுவதற்காகக் கண்ணாடிக் குழாய்களில் பாசி வளர்க்கிறோம். பச்சையாக ஒன்று, சாணிக் கரைசல் நிறத்தில் ஒன்று. குஞ்சுகளைத் தரம் பிரிப்பது சல்லடையில். அம்மா ரவை சலிக்கிற அதே மணிக்கட்டு அசைவு, தட்டில் வந்து விழுவதும் அதே நொய். முதல் வருடம் முழுக்க என்னால் உப்புமா சாப்பிட முடியவில்லை. எங்கிருந்தோ ஒரு கிருமி புகுந்தால் ஒரு தொட்டி மொத்தமும் சாகும். தண்ணீரின் மேல் சளி மாதிரி ஓர் ஆடை படரும். அடைத்த அறைக்குள் எலி செத்த வாடை. அதைத் திறந்து சாக்கடையில் விட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து தலைக்குக் குளிப்பேன். சுத்தத்துக்காகக் குளிக்கிறேனா, தீட்டுக்காகக் குளிக்கிறேனா என்று எனக்கே இன்னும் தெளிவாகவில்லை.

ஏரலுக்கு அந்தப் பக்கம், தாமிரபரணிக் கரையில் ஒரு பெருமாள் கோவில் ஊர். வெங்காயத்துக்கே வாசற்படியில் யோசனை பண்ணுகிற குடும்பம். அதில் பிறந்தவன் சிப்பிக்கு ஆயாவாகப் போனது எப்படி என்று கேட்பீர்கள். பிளஸ் டூ மார்க்கைக் கேட்டால் புரிந்துவிடும். எனக்குக் கிடைத்த ஒரே இடம் தூத்துக்குடியில் மீன்வளப் படிப்பு. உறவினர்கள் வாயில் துணியை வைத்துக்கொண்டார்கள். அப்பா தூத்துக்குடிப் பள்ளிக்கூடமொன்றில் ஆங்கில ஆசிரியர், தர்க்கத்துக்கு அஞ்சாதவர். “மனுஷாளை அறுக்கற டாக்டர் மனுஷாளைத் திங்கறானா? படிப்பு படிப்பு, நாக்கு நாக்கு” என்று தீர்ப்புச் சொன்னார். முதல் நாள் செய்முறை வகுப்பில் முத்துச்சிப்பியைக் கத்தியால் பிளந்து, உள்ளே இருந்த கொழகொழப்பைத் தட்டில் வைத்தார்கள். நான் எழுந்து ஓடிப் பக்கத்துத் தொட்டியில் குனிந்தேன். பின்னாலிருந்து ஆய்வக உதவியாளர் அலறினார்: “ஏலே ஐயரே, அதுல வாந்தி எடுக்காதல! அங்கன எல்லாம் உயிரோட கெடக்கு!” நான் ஐயர் இல்லை, ஐயங்கார் என்று திருத்துகிற நிலையில் அப்போது இல்லை.

அயர்லாந்தில் இதே விஷயம் வேறு வடிவம் எடுத்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், படகு ஓட்டும் டெக்லன் ஒரு சிப்பியைத் திறந்து, எலுமிச்சையைப் பிழிந்து, அன்போடு என் மூக்குக்கு நேராக நீட்டினான். வேண்டாம் என்றேன். “அலர்ஜியா?” என்றான். இல்லை, நான் வைஷ்ணவன் என்றேன். அவன் முகம் வாடிப்போயிற்று. “ரொம்பக் கஷ்டமா? எப்போ வந்தது?” என்று கேட்டான். பரம்பரையாக வருவது என்று உண்மையைச் சொன்னேன். மறுநாள் உணவறைச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: ‘வரதன் — சிப்பி ஒவ்வாமை — கவனம்’. பாதுகாப்பு அதிகாரி வந்து, உயிருக்கு ஆபத்தான சூழலில் வேலை செய்கிறேன் என்று எனக்கு நீளக் கையுறை வழங்கிவிட்டுப் போனார். அந்தத் தாள் இன்னும் அங்கே இருக்கிறது. திருத்தப் போனால் நாலு தலைமுறைக் கதையை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். திருத்த வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொள்வது என்னுடைய ஒரே நிரந்தரத் திறமை.

அந்தத் திறமையை முதலில் அப்பாவிடம்தான் காட்டினேன். நான் இங்கே வந்த இரண்டாவது வாரம் தொலைபேசியில் கேட்டார்: “என்ன உத்தியோகம்னு பக்கத்தாத்துல கேக்கறா. என்னன்னு சொல்லட்டும்?”

“ஸ்பேட் வளக்கறேன்ப்பா.”

“ஸ்பெல்லிங்?”

சொன்னேன். ஏடுகள் புரளும் சத்தம் கடல் கடந்து கேட்டது. அப்பாவின் அகராதி தலையணை கனம். முதுகு பிய்ந்து, பழைய வேட்டிக் கரையை வைத்து ஒட்டியிருப்பார். எந்தப் புதுச் சொல் வீட்டுக்குள் வந்தாலும் அதை மூன்று வாக்கியங்களில் அமைத்துக் காட்டாமல் எங்களுக்குச் சாப்பாடு கிடையாது. ‘ரிலக்டன்ட்’ என்ற சொல்லால் எனக்கு ஒரு தீபாவளி பட்சணம் தாமதமானது.

“நாலு அர்த்தம் போட்டிருக்கான். எச்சில் துப்பினான்னு ஒண்ணு. சின்னச் சச்சரவுன்னு ஒண்ணு. பூட்ஸுக்கு மேல கட்டிக்கற துணின்னு ஒண்ணு. நீ இதுல எதைடா வளக்கறே?”

“இன்னொண்ணு இருக்குமேப்பா.”

“இரு... யங் ஆஃப் தி ஆய்ஸ்டர்.” பிறகு அவர் குரல் உடைந்தது. “டேய், முத்துச்சிப்பியா!”

அகராதியில் முத்து என்று ஒரு வார்த்தையும் இல்லை. ஆனால் தூத்துக்குடியில் ஐம்பது வருடம் இருந்த ஒரு மனிதருக்கு வேறு எந்தச் சிப்பி தோன்றும்? ஊருக்கே முத்துநகர் என்று பெயர், சென்னைக்குப் போகிற ரயிலுக்கும் அதே பெயர். பலசரக்குக் கடை, லாட்ஜ், லாரி எல்லாவற்றின் நெற்றியிலும் முத்து. முத்துக்குளிப்பு நின்று எத்தனையோ காலம் ஆகியும் எழுத்து மட்டும் உதிரவில்லை. உலகத்தில் மனிதர்கள் சிப்பியை வளர்ப்பது அதைத் திறந்து அப்படியே வாயில் ஊற்றிக்கொள்வதற்காக என்று சந்தேகப்படுவதற்கு வேறு கடற்கரையில் பிறந்திருக்க வேண்டும். எங்கள் கரையில், அதுவும் எங்கள் வீட்டில், யாரும் செய்யக்கூடிய தவறுதான். திருத்த வேண்டியவன் நான். “இல்லப்பா, இது திங்கற சிப்பி” என்று நாலே சொல். வாயைத் திறந்தேன். “ஆமாப்பா” என்று வந்தது. அன்று உட்கார்ந்த ‘ஆமா’, பதினொரு வருடம் நகரவில்லை.

அடுத்த வாரமே அப்பா இரண்டு வாக்கியங்களைத் தயார் செய்து வாசித்துக் காட்டினார். ஆங்கிலத்தில் அவை கம்பீரமாக இருந்தன. தமிழில் சொன்னால் இப்படி: ‘என் மகன் ஸ்பேட்டைப் பேணுகிறான்.’ ‘பேணாத ஸ்பேட் முத்தைத் தருவதில்லை.’ பிறகு, “மூணாவது உனக்கு விட்டிருக்கேன். வேலை பாக்கறவன் நீதானே? யோசிச்சுச் சொல்லு” என்றார். யோசிக்கிறேன் என்றேன். வருடத்துக்கு நாலு தடவை நினைவூட்டுவார். நாலு தடவையும் யோசித்துக்கொண்டிருப்பதாகச் சொல்வேன்.

இதற்கிடையில் எனக்கு ஸ்பேட் என்ற சொல்லின் பிற்கால வரலாறு முழுவதும் தெரிந்துவிட்டது. பண்ணையிலிருந்து வருடந்தோறும் ஒரு ஹோட்டலில் விருந்து வைப்பார்கள். ஆறு ஆறாக ஐஸ்கட்டிமேல் அடுக்கி வரும். என் கைவழியாகப் போனவை. மூன்று வருடத்துக்கு முன் நான் சல்லடையில் சலித்தவை. சமையல்காரர் விளக்கம் கொடுத்தபடியே ஒரு துளி எலுமிச்சையை விடுவார். சிப்பியின் ஓரத்துச் சதை சுருங்கும். “பாருங்கள், எவ்வளவு ஃப்ரெஷ்!” என்பார். எல்லோரும் கை தட்டுவார்கள். நான் ரொட்டியைத் தின்றுகொண்டு, தொண்டைக்கு மேலே எதுவும் வராமல் பார்த்துக்கொள்வேன். ஒரு தடவை வண்ணத்தாளில் ‘ஸ்பேட்டிலிருந்து பிளேட்டுக்கு’ என்று அச்சடித்துக் கொடுத்தார்கள். இன்னொரு தடவை, கோட்டுப் போட்ட ஒருவர் மேடையேறி, புதிதாகத் தொழில் தொடங்கும் இளைஞர்களைப் பார்த்து, “நீங்கள் எல்லோரும் ஸ்பேட்!” என்று உணர்ச்சிவசப்பட்டார். எல்லோரையும் உயிரோடு தின்றுவிடுவேன் என்பதை இவ்வளவு வெளிப்படையாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. உறிஞ்சும் சத்தம், மேசைவிரிப்பில் வழியும் உப்புநீர், கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு அவர்கள் விடும் பெருமூச்சு, எல்லாமே எனக்குக் குமட்டும். ஆனால் அங்கே இருந்ததிலேயே அருவருப்பான பிராணி, அந்தத் தின்கிறவர்களிடமிருந்து சம்பளம் வாங்கிக்கொண்டு அப்பாவிடம் முத்து என்று சொன்னவன்தான். தின்கிறவனாவது மறைக்காமல் தின்கிறான்.

போன ஆவணியில் அப்பா ஒரு செய்தி சொன்னார். எங்கள் ஊர்ப் பெருமாளுக்கு முத்தங்கி உண்டு. தலை முதல் திருவடி வரை முத்துக் கோத்துத் தைத்த அங்கி. சில விசேஷ நாட்களில் அதைச் சாத்திச் சேவை நடக்கும். நூல் இற்றுப் போனதால் அதைப் பிரித்துத் தைக்கிறார்கள். உதிர்ந்து போன இடங்களுக்கு ஊர்க் குடும்பங்கள் ஆளுக்கொரு முத்து கொடுக்கலாமாம். “எல்லாரும் கடையில வாங்கறா. நம்மாத்து முத்து கடை முத்து இல்லேன்னு பட்டர்கிட்ட சொல்லிட்டேன். ஒண்ணு போறும். உன் கையால வளத்தது. அது பெருமாள் மேல இருக்கறதைச் சேவிச்சுட்டேன்னா எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்” என்றார். இப்போதாவது சொல்லியிருக்கலாம். “மார்கழிக்குக் கொண்டு வரேன்ப்பா” என்று சொன்னேன். அப்புறம்தான் கம்மல்.

மார்கழியில் தூத்துக்குடி. கண்ணில் ஒற்றிக்கொண்ட மறுநாள் காலையிலேயே அப்பா சட்டையை மாட்டிக்கொண்டார். “தைக்கணும்னா ரெண்டு பக்கமும் துளை வேணுமே. செல்வராஜ்கிட்ட போலாம்.” பஜாரில் செல்வராஜ் அண்ணாச்சியின் நகைக்கடை, அண்ணாச்சி எங்கள் அப்பாவிடம் படித்தவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கோவிலுக்குக் கொடுப்பதை நாமே துளைபோட வேண்டாம், அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்று வழியெல்லாம் வாதாடினேன். அப்பா காதில் வாங்கவில்லை. ஆட்டோவில் அந்தப் பஞ்சுப் பொதியை மடியில் வைத்து, இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு வந்தார்.

“வாங்க சார்வாள், வாங்க! தம்பி எப்ப வந்தீய?” அண்ணாச்சி எழுந்தே நின்றுவிட்டார். எங்கள் பக்கத்தில் வாத்தியாருக்கு வயதானால் சார், சார்வாள் ஆகிவிடுவார். “ஏளா, சார்வாளுக்கு ஃபேனைப் போடு. அந்த லென்ஸையும் எடுத்துட்டு வா.”

அப்பா பொதியைப் பிரித்தார். “என் பையன் பண்ணையில வெளைஞ்சது, செல்வராஜ். அயர்லாந்து. பெருமாளுக்கு.”

அண்ணாச்சி முத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். உருட்டினார். நகத்தால் ஓரிடத்தில் லேசாகச் சுரண்டினார். மெழுகு, ஒரு துளிப் பொருக்கு, கண்ணாடி மேசைமேல் விழுந்தது. லென்ஸைக் கண்ணில் வைத்துக்கொண்டு உள்ளே பார்த்தார்.

“தம்பி, அங்கன உள்ள சிப்பி ரொம்பக் கெட்டிக்காரச் சிப்பியால்லா இருக்கு” என்றார். “முத்தையும் வெளைய வச்சு, பாதி ஓட்டையும் போட்டு, ஓட்டைக்குள்ள பசையும் தடவிக் குடுத்திருக்கே. ஆணியையும் சேத்துக் குடுத்திருந்தா அப்பிடியே காதுல மாட்டிருக்கலாம்.”

லென்ஸ் கொண்டுவந்த பெண் சிரித்துவிட்டாள். அண்ணாச்சியும் சிரித்தபடி நிமிர்ந்தவர், அப்பாவின் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. “இல்ல சார்வாள், நான் சும்மா வெளையாட்டுக்குச் சொல்லுதேன். சில முத்து அப்பிடித்தான் வரும். கடல்ல என்னெல்லாமோ கெடக்கு, ஏதாவது குத்தியிருக்கும்...”

“செல்வராஜ், உனக்கு எட்டாம் கிளாஸ்லயே பொய் சொல்ல வராது” என்றார் அப்பா. முத்தை மேசைமேலேயே விட்டுவிட்டு இறங்கி நடந்தார். அண்ணாச்சி என்னைப் பார்த்த பார்வையில் கேலி இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

அப்பா வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. பழைய துறைமுகத்துக்குப் போகிற சாலையில் நடந்து, கடலைப் பார்த்த ஒரு சிமென்ட் பெஞ்சின் முன் நின்றார். பெஞ்சில் கரித்தூள் படிந்திருந்தது. மேல்துண்டால் தட்டிவிட்டு உட்கார்ந்தார். உப்புக் காற்றோடு கருவாட்டு வாடையும் டீசல் புகையும் வந்தன. எதிரே லாரிகள் வரிசையாக நின்றன. முதல் லாரியின் நெற்றியில் முத்து என்று எழுதியிருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், கதைக்காகச் சேர்க்கவில்லை.

அப்பா அதைப் பார்த்தபடியே, “மூணாவது வாக்கியம் பாக்கி இருக்கே” என்றார். “சொல்லு.”

சொன்னேன். “இந்த ஸ்பேட் மூணு வருஷம் வளர்ந்தப்புறம், அதுமேல எலுமிச்சம்பழம் பிழிஞ்சு, உயிரோட முழுங்குவா.”

அப்பா அதை உள்ளுக்குள் ஒரு தடவை திருப்பிப் பார்த்துக்கொண்ட மாதிரி இருந்தது. “வாக்கியத்துல தப்பில்லே” என்றார். பிறகு, “உயிரோடயா?” என்று கேட்டார்.

“உயிரோடதான்ப்பா. செத்துப்போனா வாங்க மாட்டா.”

“முத்து?”

“அதுல வராது. வந்தாலும் பல்லுல தட்டறதுன்னு துப்பிடுவா.”

அவர் முகத்தைச் சுளித்தார். அந்த முகச்சுளிப்பு எனக்குப் பழக்கமானது. ஹோட்டல் மேசையில் ரொட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கையில் என் முகத்தில் இருப்பது அதுதான். அப்பாவின் அருவருப்பைப் பார்த்தபோது எனக்கு ரோஷம் வந்துவிட்டது. என்னதான் இருந்தாலும் பதினொரு வருட உத்தியோகம் அல்லவா? “முத்து மட்டும் என்னப்பா, சும்மாவா வரது? இதே கரையில சிப்பியை மலை மாதிரி குவிச்சு அழுகவிட்டு, ஈ மொய்ச்சுப் புழு வெச்சப்புறம் அதுக்குள்ள கையை விட்டுத்தானே எடுத்திருக்கா? பெருமாள் மேல இருக்கற ஒவ்வொண்ணும் அப்படி வந்ததுதானே?”

“அது பெருமாளுக்கு.”

“இது?”

“நாக்குக்கு” என்றார். எழுந்து, துண்டை உதறினார். என் பக்கமாக அல்ல, காற்றுப் போகிற பக்கமாக. ஆனாலும் கரி என்மேல் படிந்தது.

வீட்டுக்கு வந்ததும் நேரே கொல்லைக்குப் போய்க் குளித்தார். அன்று மத்தியானம் இலை போட்டபோது, எப்போதும் என் இலைக்கு ஒட்டி உட்காருகிறவர், ஒரு கை தூரம் தள்ளி உட்கார்ந்தார். அம்மா சாத்தமுதை ஊற்றிக்கொண்டே இடைவெளியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பதினொரு வருடமாக நான் பயந்தது இந்த ஒரு கை தூரத்துக்குத்தான். திட்டுவார் என்று ஒருநாளும் பயந்ததில்லை.

மறுநாள் எங்கள் ஊர்க் கோவிலுக்கு என்னையும் அழைத்துப் போனார். சந்நிதி வாசலில் பட்டர், சேவைக்கு நின்ற பத்துப் பதினைந்து பேர். “என்ன ஸ்வாமி, குமாரர் வந்திருக்காரே, முத்து வந்துடுத்தா? அங்கியைத் தெச்சாச்சு, உங்காத்து முத்துக்கு மட்டும் எடம் விட்டிருக்கு” என்று பட்டர் சத்தமாகக் கேட்டார். நான் தூணைப் பார்த்தேன். அப்பா வகுப்பறைக் குரலில் சொன்னார்: “இல்லே ஸ்வாமி. நான் சொன்னது தப்பு. இவன் பண்ணையில முத்து வெளையறதில்லே. அந்த ஊர்க்காரா திங்கறதுக்காகச் சிப்பி வளக்கறா. அதுலதான் இவனுக்கு உத்தியோகம்.” பதினொரு வருடம் எனக்கு வராத வாக்கியம்; அவர் ஒரே மூச்சில், நிறுத்தக்குறியோடு முடித்துவிட்டார். இரண்டு பேர் முகத்தைச் சுளித்தார்கள். ஒரு மாமி தன் மடிசார் நுனியை என்மேல் படாமல் இழுத்துக்கொண்டாள். ‘நான் சொன்னது தப்பு’ என்று என் தப்பைத் தன் கணக்கில் எழுதிக்கொண்டவர், நெட்டுக்குத்தாக நின்று சேவைக்குக் காத்துக்கொண்டிருந்தார். பிறகு திரை விலகியது. முத்தங்கியில் பெருமாள், பால் பொங்கி நின்ற மாதிரி. எங்கள் முத்து இல்லாததால் அவருக்கு ஒன்றும் குறைந்ததாகத் தெரியவில்லை.

கிளம்புகிற நாளில் அப்பா வாசல் வரைக்கும் வந்தார். கை தூரம் அப்படியே இருந்தது.

இங்கே திரும்பி இரண்டு மாதம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் “சௌக்யமா, சௌக்யம்” என்பதோடு சரி. சொல்லின் பொருள், வாக்கியம் எதுவும் கிடையாது. மோரா காலையில் “ஹௌ இஸ் த ஸ்பேட்?” என்கிறார். “கிராண்ட்” என்கிறேன், பழுதில்லை என்ற பொருளில். இந்த நாட்டில் வாயை மூடிக்கொள்ள முடியாதபோது சொல்கிற சொல் அது. தொட்டிகளில் பாசி ஊற்றும்போது மட்டும் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப மனதில் ஓடுகிறது. அதை அப்பாவுக்குச் சொன்னால் ஏதாவது சரியாகும் என்று தோன்றியது. போன ஞாயிறு, அவருக்குப் பிடித்த மாதிரி, தாளில் எழுதிவைத்து நிறுத்தி நிதானமாக வாசித்தேன்.

நான் எழுதியிருந்தது இதுதான். கடலில் சிப்பிக் குஞ்சு பாறையில் ஒட்டிக்கொள்ளும். அங்கேயே வாழ்ந்து சாகும். பாறையோடு ஒட்டியது பண்ணைக்கு உதவாது. அதனால் நாங்கள் ஒரு தந்திரம் செய்கிறோம். பழைய சிப்பி ஓடுகளை இடித்து மணலளவு நொய்யாக்கித் தொட்டியில் தூவுகிறோம். இடம் தேடி அலைகிற குஞ்சு, அந்த ஒரு துகளைக் காலால் தடவிப் பார்த்து, இது நம் மூதாதையர் இருந்த பாறை என்று நம்பி, பசையைக் கக்கி உட்கார்ந்துவிடும். கண்ணும் காலும் கரைந்துபோகும். அப்புறம் அதை வாளியில் அள்ளலாம், லாரியில் ஏற்றலாம், எந்தக் கடலுக்கும் அனுப்பலாம். தான் நகரவே இல்லை, மூதாதையர் பாறைமேலேயே இருக்கிறோம் என்று அது கடைசிவரை நினைத்துக்கொண்டிருக்கும். அடியில் இருப்பதோ ஒரு துகள். அப்பா, நான் ஒட்டியிருப்பதும் உங்கள் கரையிலிருந்து உடைந்த ஒரு துகள்தான். அதன்மேல் உட்கார்ந்துகொண்டுதான் இந்த ஊர் மழையில் நனைந்துகொண்டிருக்கிறேன்.

வாசித்து முடித்தேன். மறுமுனையில் ஏடு புரளும் ஓசை இல்லை. “கேட்டுண்டிருக்கேளாப்பா?” என்றேன்.

“கேட்டேன், கேட்டேன். அதெல்லாம் இருக்கட்டும்” என்றார் அப்பா. “சாதத்துல கை வெக்கறதுக்கு முன்னாடி, அந்தக் கையைச் சோப்புப் போட்டு அலம்பறயா?”

“அலம்பறேன்ப்பா.”

“ஒரு தரமா, ரெண்டு தரமா?”